மலைப் படிக்கட்டுக்கு 90 டிகிரி மட்டும் போதாது! பைப் நாட்சிங் மெஷின் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

நடுவட்டத்தில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று படி ஏற வேண்டும், இல்லையென்றால் படி இறங்க வேண்டும். ஊட்டியிலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூருக்கு இறங்கும் சாலையில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. 1860-களில் சின்கோனா மரங்களை நட்டு, மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தயாரித்ததால் வரலாற்றில் இடம் பிடித்த ஊர். இன்று டேன்டீ தேயிலைத் தோட்டங்களால் அறியப்படுகிறது. இங்கே சமதரை என்பதே அபூர்வம்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மழை, மேகமூட்டம், பாசி பிடித்த படி என்று மூன்றும் ஒன்றாக வந்து சேரும். பள்ளிக்குப் போகும் குழந்தையாக இருந்தாலும், மருந்து வாங்கப் போகும் பாட்டியாக இருந்தாலும், கை தானாகத் தேடுவது படியோரத்தில் இருக்கும் கைப்பிடிக் குழாயைத்தான். அந்தக் குழாய் எவ்வளவு தடிமன் என்பது முக்கியம். அதைவிட முக்கியம், ஒரு குழாய் இன்னொரு குழாயோடு சேரும் இடம். கைப்பிடி ஆடத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

கேட், கிரில், கைப்பிடி, பசுமைக்குடில், ஷெட் என்று வேலை எடுத்துச் செய்யும் சிறிய வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும், ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சொந்தமாகப் பட்டறை போட நினைக்கும் இளைஞர்களுக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும்: 'பைப் நாட்சிங் மெஷின் வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது?' கடைக்குப் போனால் விலைப்பட்டியலை நீட்டுவார்கள். அதைக் கையில் வாங்கும் முன், நம் வேலைக்கு எது பொருந்தும் என்று நாமே ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

நாட்ச் என்றால் என்ன?

உருண்டையான இரண்டு பைப்புகளை 'T' எழுத்து போலச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைப்பின் நுனியை நேராக வெட்டி, இன்னொரு பைப்பின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொடும். இரண்டு பக்கமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வெளிவிட்டம் 42.4 மி.மீ. உள்ள இரண்டு பைப்புகளில் இப்படிச் செய்தால், ஓரத்தில் ஏறத்தாழ 21 மி.மீ. இடைவெளி விழும். அதாவது பைப்பின் பாதி விட்டம்.

இந்த இடைவெளி வராமல் இருக்க, சேரப்போகும் பைப்பின் நுனியைப் பிறை வடிவில் குடைந்து எடுக்க வேண்டும். மீன் வாய் திறந்தது போல இருக்கும் அந்த வெட்டுதான் நாட்ச். சரியாக வெட்டினால் ஒரு பைப் இன்னொன்றின் முதுகில் கச்சிதமாகப் போய் உட்காரும். சுற்றிலும் ஒரே சீராக வெல்டிங் ஓட்டலாம்.

ரேஸ் கார்களின் சட்டத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. கோவையில் எஸ்.கரிவர்தன் இந்தியாவிலேயே பந்தயக் கார்களை உருவாக்கியவர். 1995-ல் அவர் மறைந்தார். அவர் பெயரில் கோவையில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ஃபார்முலா ரகக் கார்கள் பலவற்றின் உடல், இரும்புக் குழாய்களை வலைபோல இணைத்துச் செய்த சட்டம். அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு நாட்ச் இருக்கும். ஓட்டுநரின் உயிர் அந்த மூட்டுகளை நம்பி இருக்கிறது. படிக்கட்டுக் கைப்பிடிக்கு அவ்வளவு வேகம் இல்லைதான். ஆனால், அதைப் பிடித்துக்கொண்டு இறங்குபவரும் மூட்டுகளை நம்பித்தான் இறங்குகிறார்.

இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால் என்ன?

பல இடங்களில் அதுதான் நடக்கிறது. நுனியைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி ஒட்டுவது, இடைவெளியில் கம்பித் துண்டைச் செருகி மேலே வெல்டிங் வைப்பது, ராடு மேல் ராடு உருக்கி நிரப்புவது எல்லாம் பழகிப்போன வழிகள். வெளியே கிரைண்டிங் போட்டு, பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

பிரச்னை உள்ளே இருக்கிறது. இடைவெளியை நிரப்ப அதிக நேரம் சூடு கொடுக்க வேண்டும். மெல்லிய பைப் கோணிக்கொள்ளும். கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். ஊசி நுழையும் அளவுக்குச் சின்னத் துளை விட்டுப்போனாலும் போதும். நீலகிரியின் மழையும் ஈரமும் அந்தத் துளை வழியாகப் பைப்புக்குள் இறங்கும். உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. பைப் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு இளைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே நாட்ச் அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. மழை அதிகம் பெய்யும் ஊரில் அது கைப்பிடியின் ஆயுளைத் தீர்மானிக்கும் வேலை.

முதல் கேள்வி: உங்களுக்கு இந்த மெஷின் தேவையா?

உங்கள் பட்டறையில் ஓடுவது பெரும்பாலும் சதுரப் பைப்பும் செவ்வகப் பைப்புமா? அப்படியானால் நாட்சிங் மெஷின் தேவையே இல்லை. சதுரப் பைப்புக்கு நேர்வெட்டும் சாய்வெட்டும் போதும். நல்ல கட்-ஆஃப் மெஷின் ஒன்று அந்த வேலையை முடித்துவிடும். கடந்த மூன்று மாதத்து வேலை நோட்டைப் புரட்டுங்கள். உருண்டைப் பைப் வேலை எத்தனை, சதுரப் பைப் வேலை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். உருண்டை குறைவு என்றால் அந்தப் பணத்தை வேறு கருவியில் போடலாம்.

இரண்டாவது கேள்வி: எந்தக் கோணம்?

சமவெளிப் பட்டறைக்கும் மலைப் பட்டறைக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது.

சமவெளியில் பால்கனிக் கைப்பிடி, மாடிச் சுவர்க் கைப்பிடி எல்லாம் படுக்கைவாட்டில் ஓடும். தூண் நேராக நிற்கும். இரண்டும் சேரும் கோணம் 90 டிகிரி. நேர் 'T' வெட்டு மட்டும் போடும் மெஷினே அங்கே பெரும்பாலான வேலைக்குப் போதும்.

மலையில் கைப்பிடி சாய்ந்து ஓடும். ஒரு படியின் உயரம் 17 செ.மீ., அகலம் 28 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். அந்தப் படிக்கட்டின் சாய்வு சுமார் 31 டிகிரி. தூண் செங்குத்தாக நிற்கிறது. கைப்பிடி 31 டிகிரி சாய்ந்து போகிறது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் 59 டிகிரி, மறுபக்கம் 121 டிகிரி. அங்கே 90 டிகிரி நாட்ச் போட்டால் ஒரு பக்கம் முட்டும், மறுபக்கம் பிளக்கும். திரும்பவும் ராடு உருக்கி நிரப்பும் கதைதான்.

அதனால் நடுவட்டம் போன்ற ஊரில் பட்டறை வைத்திருப்பவர்கள் விலையைக் கேட்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: 'இந்த மெஷின் எத்தனை டிகிரி வரை சாய்த்து வெட்டும்?' குறைந்தது 45 டிகிரி வரை சாயும் மெஷினாக இருந்தால், செங்குத்தான படிக்கட்டையும் சமாளிக்கலாம். கோண அளவு மெஷினிலேயே தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படிக்கட்டின் சாய்வை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. நேரான பலகை ஒன்றைப் படிகளின் மூக்குகள் மேல் படுக்கவைத்து, அதன் மேல் ஸ்மார்ட்போனை வைத்து, மட்டம் பார்க்கும் ஆப்பைத் திறந்தால் கோணம் தெரிந்துவிடும். ஒரே படிக்கட்டில் மேலே ஒரு சாய்வு, கீழே ஒரு சாய்வு இருப்பது மலையில் சகஜம். மூன்று நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி: எந்த அளவு பைப்?

'ஒரு இன்ச் பைப்' என்று கடையில் கேட்டு வாங்கும் ஜி.ஐ. பைப்பின் வெளிவிட்டம் ஒரு இன்ச் அல்ல. தண்ணீர் ஓடும் உட்புறத்தை ஒட்டி வைத்த பெயர் அது. ஐ.எஸ். 1239 தரத்தின்படி வெளிவிட்டம் ஏறத்தாழ இப்படி வரும்:

- முக்கால் இன்ச்: 26.9 மி.மீ.
- 1 இன்ச்: 33.7 மி.மீ.
- ஒன்றேகால் இன்ச்: 42.4 மி.மீ.
- ஒன்றரை இன்ச்: 48.3 மி.மீ.
- 2 இன்ச்: 60.3 மி.மீ.

ஆனால், கைப்பிடிக்கு வாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பில் ஒன்றரை இன்ச் என்றால் வெளிவிட்டமே ஒன்றரை இன்ச்தான், அதாவது 38.1 மி.மீ. ஒரே 'ஒன்றரை இன்ச்', இரண்டு வேறு அளவுகள்! மெஷினின் டை, ரோலர், ஹோல் சா எல்லாமே வெளிவிட்டத்துக்கு ஏற்றபடிதான் வரும். பெயரை நம்பி ஆர்டர் கொடுக்காமல், வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து கொடுங்கள்.

இன்னொரு விஷயம். நாட்ச் போடும் கட்டரின் அளவு, வெட்டப்படும் பைப்பைப் பொறுத்தது அல்ல. அந்தப் பைப் போய்ச் சேரப்போகும் பைப்பைப் பொறுத்தது. 1 இன்ச் ஜி.ஐ. பைப்பை ஒன்றேகால் இன்ச் தூணோடு சேர்க்கிறீர்கள் என்றால், கட்டர் தூணின் அளவில், 42.4 மி.மீ.க்கு நெருக்கமாக இருக்க வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ.; 16 கேஜ் சுமார் 1.6 மி.மீ.; 14 கேஜ் சுமார் 2 மி.மீ. ஜி.ஐ. பைப்பில் மஞ்சள் பட்டை போட்டிருந்தால் லைட், நீலம் மீடியம், சிவப்பு ஹெவி. 1 இன்ச் மீடியம் பைப்பின் தடிமன் 3.2 மி.மீ., ஹெவி 4 மி.மீ. மெல்லிய பைப்பில் அருமையாக வேலை செய்யும் மெஷின், சிவப்புப் பட்டை பைப்பில் திணறலாம்.

கைப்பிடிக்கு எந்த அளவு நல்லது? மாற்றுத்திறனாளிகளும் முதியோரும் பயன்படுத்த ஏற்ற கட்டடங்களுக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், உருண்டைக் கைப்பிடிக்கு 38 முதல் 45 மி.மீ. விட்டத்தைப் பரிந்துரைக்கின்றன. விரல்கள் சுற்றிப் பிடிக்க வசதியான அளவு அது. ஒன்றேகால் இன்ச் ஜி.ஐ. பைப்பும், ஒன்றரை இன்ச் ஸ்டெயின்லெஸ் பைப்பும் இந்த வரம்புக்குள் வருகின்றன. படிக்கட்டு வேலை அதிகம் வரும் பட்டறை, முதல் கட்டரையோ டையையோ இந்த அளவுகளில் வாங்கிவிடலாம்.

என்னென்ன வகைகள் இருக்கின்றன?

1. காகித அச்சும் கை கிரைண்டரும்: பைப்பின் வெளிவிட்டம், தடிமன், கோணம் மூன்றையும் கொடுத்தால், வெட்ட வேண்டிய வளைவை வரைந்து தரும் இலவசக் கணக்கீட்டுப் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. அதைச் சரியான அளவில் பிரின்ட் எடுத்து, பைப்பின் மேல் சுற்றி, மார்க் செய்து, கிரைண்டரால் வெட்டலாம். எந்தக் கோணமும் சாத்தியம். மாதத்துக்கு ஒன்றிரண்டு வேலை என்றால் இதுவே போதும். நேரம் பிடிக்கும், கைத்திறமையும் வேண்டும்.

2. ஹோல் சா நாட்சர்: பைப்பை ஒரு பிடியில் இறுக்கி, வட்ட ரம்பத்தை நேராக இறக்கும் சின்ன அமைப்பு. டிரில்லிங் மெஷினோடு பொருத்திக்கொள்ளலாம். இருப்பதில் விலை குறைவான வகை, கோணமும் மாற்றலாம், தூக்கிக்கொண்டு போகவும் முடியும். மெதுவாகச் சுற்ற வேண்டும் என்பதுதான் இதன் ரகசியம். 38 மி.மீ. ரம்பம் சாதாரண இரும்பில் நிமிடத்துக்குச் சுமார் 180 சுற்று, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதில் பாதிதான் சுற்ற வேண்டும். வேகமான கை டிரில்லில் மாட்டினால் பல் தேய்ந்து, இரண்டு நாளில் ரம்பம் குப்பைக்குப் போய்விடும். வேகம் குறைக்கும் வசதி உள்ள டிரில்லும், வெட்டும்போது விட எண்ணெயும் அவசியம். சாய்வு வெட்டில் ரம்பம் அதிக தூரம் இறங்க வேண்டும். அதன் ஆழம் குறைவாக இருந்தால் பாதியில் முட்டி நிற்கும். ஆழமான ரம்பமாகப் பார்த்து வாங்குங்கள்.

3. பிரஸ் நாட்சர்: கை லீவராலோ ஹைட்ராலிக்காலோ டையை அழுத்தி, நுனியைக் கடித்தெடுக்கும் வகை. கை லீவர் மாடலுக்குக் கரன்ட்டே வேண்டாம். ஒரு வெட்டு சில நொடிதான். ஒரே அளவு பைப், ஒரே மாதிரி நேர் 'T' மூட்டு, தினமும் நிறைய எண்ணிக்கை என்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால், ஒவ்வொரு அளவுக்கும் தனி டை வாங்க வேண்டும். தடிமனான பைப்பை நசுக்கிவிடக்கூடும். பெரும்பாலும் 90 டிகிரி வேலைக்கே ஏற்றது என்பதால், மலைப் படிக்கட்டுக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

4. பெல்ட் நாட்சர்: உப்புக்காகித பெல்ட் ஒரு ரோலர் மேல் ஓடும். பைப்பின் நுனியை அதில் அழுத்தினால், ரோலரின் வளைவிலேயே தேய்ந்து நாட்ச் விழும். ரோலரை மாற்றினால் அளவு மாறும். தாங்கியைத் திருப்பினால் கோணம் மாறும். பிசிறு இல்லாமல் வரும் என்பதால் ஸ்டெயின்லெஸ் கைப்பிடி செய்பவர்களுக்கு மிகவும் பிடித்த வகை. பெல்ட் செலவு தொடர்ந்து வரும். தூசியும் பொறியும் அதிகம். இரும்பைத் தேய்த்த பெல்ட்டில் ஸ்டெயின்லெஸ் பைப்பைத் தேய்க்கவே கூடாது. இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு, 'துருப்பிடிக்காத' பைப்பிலும் துருப்புள்ளி வரும். இரண்டுக்கும் தனித்தனி பெல்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

5. எண்ட் மில் நாட்சர்: மில்லிங் கட்டரால் செதுக்கி எடுக்கும் கனமான மெஷின். தடிமனான பைப்பிலும் மிகத் துல்லியமாக வெட்டும். ரேஸ் கார் சட்டம், உடற்பயிற்சிக் கருவி, தொழிற்சாலை வேலைகளுக்கு ஏற்றது. விலையும் எடையும் அதிகம். சின்னப் பட்டறைக்கு முதல் மெஷினாக இது தேவைப்படாது.

6. சி.என்.சி. பைப் லேசர்: வாங்குவதற்கு அல்ல, வேலை கொடுத்து வாங்குவதற்கு. வரைபடம் கொடுத்தால் கோவை போன்ற தொழில் நகரங்களில் ஜாப் ஒர்க்காக வெட்டித் தருவார்கள். ஒரே மாதிரி நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்படும் பசுமைக்குடில், பெரிய ஷெட் வேலை கிடைத்தால், வண்டி வாடகையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பல நேரங்களில் இதுவே மலிவாக முடியும்.

கரன்ட்டும் எடையும்

பட்டறைக்குச் சிங்கிள் பேஸ் இணைப்பா, த்ரீ பேஸ் இணைப்பா? பெல்ட் நாட்சரும் எண்ட் மில்லும் பெரிய மோட்டாரோடு வந்தால் த்ரீ பேஸ் கேட்கும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். மோட்டார் கிளம்பும்போது இதைவிடப் பல மடங்கு இழுக்கும். உங்கள் இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிட்டு மெஷினைத் தேர்ந்தெடுங்கள்.

எடை, மலையில் தனிக் கேள்வி. ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, எண்பது படி இறங்கித்தான் வேலை நடக்கும் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். பட்டறையில் வெட்டி எடுத்துப் போன துண்டு, அங்கே போய் வைத்துப் பார்க்கும்போது 2 டிகிரி மாறியிருந்தால், திரும்ப ஏறி இறங்க வேண்டும். ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய நாட்சர் இருந்தால், அங்கேயே சரிசெய்துவிடலாம். பட்டறையில் ஒரு வேகமான மெஷின், கையோடு எடுத்துப்போக ஒரு சின்ன ஹோல் சா நாட்சர் என்ற ஜோடி பல மலைப் பட்டறைகளுக்குப் பொருந்தும். பட்ஜெட் ஒன்றுக்குத்தான் இடம் தருகிறது என்றால், கோணம் மாறும், தூக்கிப்போக முடிகிற ஹோல் சா நாட்சரில் தொடங்குங்கள். வேலை பெருகிய பிறகு பெல்ட் நாட்சருக்குப் போகலாம்.

போட்ட பணம் எப்போது திரும்பும்?

ஒரு படிக்கட்டுக் கைப்பிடியை எடுத்துக்கொள்வோம். 10 தூண்கள். மேலே ஒரு கைப்பிடி, நடுவில் இரண்டு குறுக்குப் பைப்புகள். தூண்களின் தலையில் 10 நாட்ச். தூண்களுக்கு இடையே 9 இடைவெளிகள். ஒவ்வொன்றிலும் 2 பைப்புகள். ஒவ்வொரு பைப்புக்கும் 2 நுனிகள். ஆக 36 நாட்ச். மொத்தம் 46.

கிரைண்டரில் ஒரு நாட்சுக்கு 10 நிமிடம் ஆகிறது என்றால் 460 நிமிடம். அதாவது 7 மணி 40 நிமிடம். மெஷினில் 2 நிமிடம் என்றால் 92 நிமிடம். ஒரு கைப்பிடிக்கு 6 மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஏறக்குறைய ஒரு ஆளின் ஒருநாள் வேலை. வெல்டிங் ராடும், கிரைண்டிங் வீலும் மிச்சமாவது தனி.

இந்த நிமிடங்கள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் பட்டறையில் பத்து நாட்ச் போட்டு, போனில் நேரம் பாருங்கள். மாதத்துக்கு எத்தனை கைப்பிடி வருகிறது என்பதைப் பெருக்குங்கள். மெஷின் விலையை மாதம் மிச்சமாகும் கூலியால் வகுத்தால், எத்தனை மாதத்தில் பணம் திரும்பும் என்று தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்குள் வந்தால் தைரியமாக வாங்கலாம். மூன்று வருடம் என்று வந்தால் கொஞ்சம் பொறுக்கலாம்.

மலைப்பகுதிக்குக் கூடுதல் மானியம்

புதிதாகப் பட்டறை தொடங்குபவர்களுக்கு, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் (பி.எம்.இ.ஜி.பி.) இருக்கிறது. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு இதில் வங்கிக் கடனும் மானியமும் உண்டு. பொதுப்பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 சதவிகிதம், கிராமப்புறத்தில் 25 சதவிகிதம் மானியம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு முறையே 25, 35 சதவிகிதம். இந்தச் சிறப்புப் பிரிவில் மலைப்பகுதிகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்பதை நீலகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். சொந்தப் பணமும் 10 சதவிகிதத்துக்குப் பதிலாக 5 சதவிகிதம் போட்டால் போதும்.

மானியத் தொகை உடனே கையில் வராது. மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாக இருக்கும். அதன் பிறகே கடனில் கழியும். ஏற்கெனவே நடக்கும் பட்டறைக்கு முதல்முறைக் கடன் இதில் கிடைக்காது. பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவிகித மூலதன மானியமும், 6 சதவிகித வட்டி மானியமும் உண்டு. நடுவட்டம் பேரூராட்சி என்பதால் எந்தப் பிரிவில் வரும், இன்றைய விதிகள் என்ன என்பதை நீலகிரி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு உறுதிசெய்த பிறகு மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.

வாங்கும் நாளில் இதைச் செய்யுங்கள்

- உங்கள் பட்டறைப் பைப்பில் நான்கைந்து துண்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் பைப்பில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் வெட்டும்.
- 90 டிகிரியில் ஒன்று, உங்கள் ஊர்ப் படிக்கட்டின் கோணத்தில் ஒன்று என்று வெட்டச் சொல்லுங்கள்.
- வெட்டிய துண்டை இன்னொரு பைப் மேல் வைத்து, போன் டார்ச்சைப் பின்னால் பிடியுங்கள். வெளிச்சம் எங்கே கசிகிறதோ, அங்கே இடைவெளி இருக்கிறது.
- அதே வெட்டை ஐந்து முறை போடச் சொல்லுங்கள். ஐந்தும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள்.
- டை, ரோலர், பெல்ட், ரம்பம் தேய்ந்தால் ஊட்டியில் கிடைக்குமா, கோவையிலிருந்து வரவழைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.
- பழைய மெஷின் என்றால் ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கும்.
- ஜி.எஸ்.டி. பில், வாரன்ட்டி அட்டை இரண்டும் இல்லாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

பல நிறுவனங்களின் மெஷின்களை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால், கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் கண்காட்சி நல்ல வாய்ப்பு.

கண்ணும் நுரையீரலும் பத்திரம்

கிரைண்டரிலிருந்து கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது பல பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. வீல் உடைந்தால் முகத்துக்குத்தான் வரும். கண்ணாடி, முகக்கவசம், காதடைப்பான் மூன்றும் வேண்டும். சுழலும் ஹோல் சா பக்கத்தில் துணிக் கையுறை கூடாது. நூல் சிக்கினால் கையையே இழுத்துவிடும்.

ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். இரும்பு உருக சுமார் 1,500 டிகிரி வேண்டும். அதனால் வெல்டிங் வைத்தவுடன் வெள்ளைப் புகை கிளம்புகிறது. அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், உடம்புவலி, வாயில் உலோகச் சுவை எல்லாம் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து எடுப்பதும், தகுந்த மாஸ்க் அணிவதும், காற்றோட்டமாக வேலை செய்வதும்தான் வழி. நீலகிரிக் குளிருக்குப் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜி.ஐ. வெல்டிங் செய்வதைத் தவிருங்கள். தேய்த்த இடத்தில் துத்தநாகம் கலந்த பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் முதல் மழைக்காலத்திலேயே துரு அங்கேதான் தொடங்கும்.

வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

மெஷின் வாங்கப் போவது பட்டறைக்காரர்தான். ஆனால் கைப்பிடியைப் பிடிக்கப் போவது நீங்கள். வேலை முடிந்து பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டிலும் வெல்டிங் சுற்றிலும் முழுமையாக இருக்கிறதா? அடிப்பக்கத்தை விட்டிருக்கிறார்களா? விரலை ஓட்டிப் பாருங்கள். பைப்பின் திறந்த நுனிகளுக்கு மூடி வைத்திருக்கிறார்களா? மூட்டு ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் கட்டியாக உருண்டு நின்றால், அங்கே நாட்ச் சரியாக விழவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே இருக்கும் கைப்பிடி என்றால், மழைக்காலத்துக்கு முன்பு மூட்டுகளைப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் கண்ணீர்க் கோடு போல வழிந்திருந்தால், உள்ளே தண்ணீர் போய்த் துரு வெளியே வருகிறது. அந்த மூட்டை உடனே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே பெயின்ட் அடித்து மறைத்தால், அடுத்த மழையில் அதைப் பிடித்துக்கொண்டு இறங்குபவருக்குத்தான் ஆபத்து.